வலது கோடிக் குரல்

2024 நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி வீட்டு ஹாலில் புதிய சி.டி. பிளேயர் ஒன்று பொருத்தப்பட்டது. கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஜெபின் வாங்கி அனுப்பியது. வெறும் பாட்டு கேட்கிற பெட்டிக்கு அத்தனை கனம் இருக்கும் என்று தூக்கி வந்தவர்களே எதிர்பார்க்கவில்லை.

"ஆச்சாப்பா, ஆச்சாப்பா?" என்று கடையிலிருந்து வந்த குணாவைத் துரத்திக்கொண்டிருந்தார் வேதசிரோமணி.

"பறக்காதீங்க சார். கடைசி வயருதான், சொருகிட்டேன்."

"அப்ப நகரு. தீர்ப்பு சொல்லணும்."

அவர் சர்ச் பாடகர் குழுவின் தலைவர். போன மாதம் கேளம்பாக்கத்தில் நடந்த போட்டியில் அவர் குழு பரிசை இழந்தது. மூன்றாவது சரணத்தின் உச்சத்தில் ஒரு குரல் சுருதி இறங்கியதாக நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். பதிவு செய்த சி.டி.யையும் கையில் கொடுத்தார்கள்.

பழைய பிளேயரில் அத்தனை குரலும் கூழாகக் கலந்து கேட்டன. ஆனால் அந்த உயரத்துக்கு ஏறுகிறவர்கள் குழுவில் இரண்டே பேர். மேடையில் இடது கோடியில், கீபோர்டை ஒட்டி நின்றவள் அவர் மகள் ஜோவிதா. வலது கோடியில் நின்றவள் ஷர்மிளா. இருவருமே இப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்பு பண்ணது யாரோ, அவங்க இன்னையோட குழுவுல இல்ல. இன்னொருத்தருக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனையில தனிப்பாட்டு" என்றார்.

"ஜோவிதா அக்காவா இருந்தாலுமா சார்?" என்று சிரித்தாள் ஷர்மிளா.

"சொந்த மச்சானையே பாடிட்டு இருக்கும்போது நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினவன் நான்."

"அதுக்கப்புறம் மாமா இந்த வீட்டுப் பக்கமே வரல" என்றாள் ஜோவிதா. அவள் சிரிக்கவில்லை.

வேதசிரோமணி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவே நாற்காலியைப் போட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

வலப் பக்கத்திலிருந்து கீபோர்டு மணி மணியாக உதிர்ந்தது. பின்னாலேயே குரல்கள் வந்தன. ஒவ்வொருவரும் மூச்சு இழுப்பது கேட்டது. யாரோ தாளைப் புரட்டுவது கேட்டது. சுவர் மறைந்து அந்த இடத்தில் மேடை நின்றது. "கருவின்னா இது கருவி!" என்று முனகினார்.

மூன்றாவது சரணம். உச்சத்தில் இரண்டு குரல்கள் தனித்தனியாக எழுந்தன. இடது கோடிக் குரல் கம்பி போல நின்றது. வலது கோடிக் குரல் ஒரு நொடி தொய்ந்து, பிறகு சமாளித்துக்கொண்டது.

மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் வலது கோடிதான் தொய்ந்தது. அவர் கண்ணைத் திறந்து ஷர்மிளாவைப் பார்த்தார்.

"சார், அது நான் இல்ல."

"என் காதுல கேக்குதேம்மா."

"நான் பாடறது எனக்குத் தெரியாதா சார்?"

"பாடறவங்களுக்குத் தன்னோட தப்பு கேக்காது. அதுக்குத்தான் மெஷின். நீ யாரு, என் பொண்ணு யாருன்னு மெஷினுக்குத் தெரியுமா?"

ஷர்மிளா எழுந்து நின்றாள். "அம்மா எனக்கு வெள்ளைப் புடவை எடுத்துட்டாங்க சார். பள்ளிக்கரணையில மீன் வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, கிறிஸ்துமஸுக்கு எம்பொண்ணு மேடையில நிக்கப் போவுதுன்னு."

"புடவை வீணாகாது. உங்கம்மா அஞ்சம்மாளை அதைக் கட்டிட்டு வந்து சர்ச்சுல உக்காரச் சொல்லு. நீயும் பக்கத்துல உக்காந்து கேளு."

அவள் பாட்டுத் தாள்களைப் பையிலிருந்து எடுத்து டீப்பாயின் மேல் வைத்தாள். ஓரங்களைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

வேதசிரோமணி குழுவின் வாட்ஸ்அப்பில் உடனே எழுதினார்: 'ஷர்மிளா இன்று முதல் நமது குழுவில் இல்லை. தனிப்பாட்டு ஜோவிதா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' ஒரு நிமிடத்துக்குள் பதினோரு கட்டைவிரல்களும் ஓர் ஆமெனும் வந்து விழுந்தன.

ஜோவிதா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வயர்களைச் சுருட்டிக் கட்டுவதற்காகப் பிளேயரின் பின்னால் தலையை நுழைத்திருந்த குணா, வெளியே வந்து தலையைச் சொறிந்தான்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க அவசரப்படுத்துனதுல செவப்பு வயரையும் வெள்ளை வயரையும் மாத்தி சொருகிட்டேன். லெஃப்ட்ல வர வேண்டியதெல்லாம் ரைட்ல வந்துகினு கீது. ரைட்ல வர வேண்டியது லெஃப்ட்ல."

வேதசிரோமணி மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. கழுத்து வரை சிவந்திருந்தது.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்காக ஷர்மிளா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"ரெண்டே நிமிஷம் சார், மாத்திடறேன்" என்று குனிந்தான் குணா.

வேதசிரோமணி ஜன்னல் கதவைச் சாத்தினார்.

"இருக்கட்டும்பா. இப்படியே நல்லாத்தான் கேக்குது."