இறக்கி வைத்த இன்ஜின்

"இது புது மாடல் வண்டி அண்ணாத்தே. பெரிய இன்ஜின் போட்டா கம்ப்யூட்டரு ஒத்துக்காது. வேலைக்கு ஆவாது," என்றான் மெக்கானிக் அஜ்மல்.

"நீ போடு நைனா. நான் பாத்துக்கறேன்," என்றான் அரவிந்தன்.

ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விடுகிறவனல்ல அஜ்மல். பூந்தமல்லிப் பட்டறையில் பன்னிரண்டு நாள் மல்லுக்கு நின்றான். பழைய இன்ஜினை இறக்கி, ஆயிலை வடித்து, மூலையில் ஒரு டயர்மேல் வைத்தான். புதியதை ஏற்றினான். கடைசியில் எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

ஞாயிறு காலை அரவிந்தன் குடும்பத்தோடு வேலூருக்குக் கிளம்பினான். பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"காஞ்சிபுரம் தாண்டிட்டோம். வண்டி பிச்சிக்கினு போவுது."

கேட்டுக்கொண்டே அஜ்மல் பழைய இன்ஜின்மேல் கையை ஊன்றினான். சுட்டது. அந்த மூலைக்கு வெயில் வராது.

"அண்ணாத்தே, வண்டிய ஓரங்கட்டு."

"இன்னாத்துக்கு? பசங்க தூங்குதுங்க. வேலூர்ல நிறுத்திக்கறேன்."

அதற்குப் பிறகு அரவிந்தன் போனை எடுக்கவில்லை.

அங்கே வண்டியை இழுப்பது மூலையில் கிடக்கும் இந்த இன்ஜின்தான். சொட்டு ஆயில் இல்லாமல் ஓடினால் எந்த நிமிடமும் இறுகிப்போகும். அஜ்மல் ஆயில் வடிக்கக் கழற்றிய அடித்திருகை மாட்டி முடுக்கினான். புது ஆயில் டப்பாவை உடைத்து, சிந்தாமல் பழைய இன்ஜினுக்குள் ஊற்றத் தொடங்கினான்.

வேலூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருந்தது.