மூடி துள்ளும் நேரம்

பெரியப்பா மகனின் பழைய டீசல் எஸ்.யூ.வி. வாசலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்து நிற்கிறது. அவள் பானட்டில் கை வைக்கிறாள், சுடுகிறது. "காலையில ஸ்டார்ட் பண்ணவே இல்லைன்னீங்களேண்ணா?" "வெயில்ல நிக்குதுல்ல பாப்பா." வெயில் இன்னும் மதிலையே தாண்டவில்லை. வாரம் இருமுறை அம்மாவை மலைப்பாதை வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவள் அண்ணனிடம் விலைக்கு வாங்கப் பார்க்கும் வண்டி இது, நடுவழியில் நின்றால் அவ்வளவுதான். அம்மா இப்போதே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடுகிறாள். "சித்தி போற வண்டியில பொய் சொல்லுவேனா?" என்றபடி அண்ணன் சாவியைத் திருகிவிட்டு முன்னால் வந்து நிற்கிறான். இன்ஜின் கடகடவென்று இரைகிறது. மெக்கானிக் தோழி சொல்லிக்கொடுத்தபடி, அவள் பானட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைக்கிறாள். நல்ல இன்ஜின் என்றால் மூடி லேசாக நடுங்கும். தேய்ந்துபோனது என்றால் உள்ளிருந்து காற்று அதைத் தள்ளிவிடும். மூடி நடுங்குகிறது, ஆடுகிறது, இடுக்கில் வெள்ளைப்புகை கக்குகிறது, சட்டென்று துள்ளுகிறது. அண்ணனின் முகம் டயரைப் பார்த்தபடி இருக்கிறது, வாய் டயரின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் இடது கை மட்டும் மூடி விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே குழிந்து காத்திருக்கிறது. மூடி நேராக அதற்குள் விழுகிறது. அவள் மூடியை விட்டு அந்தக் கையையே பார்க்கிறாள். "சீட்டு மெத்துமெத்துன்னு இருக்குடி!" பின்னாலிருந்து அம்மா சிரிக்கிறாள். எண்ணெய் வழியும் கையை அண்ணன் மெல்ல மூடிக்கொள்கிறான்.