நர்ஸ் போன பிறகு

"அந்த வீட்டுக்கு இனிமே என்னை அனுப்பாதீங்க மேடம்," என்றாள் வஹீதா.

அற்புதம்மாள் திருச்சியில் ஒரு நர்ஸிங் ஸ்கூலில் ஆசிரியை. மாணவிக்கு ஒரு குடும்பம் என்று ஒப்படைத்து, நோயாளியை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள வீட்டாருக்குச் சொல்லித்தர வைப்பது அவருடைய பாடம். வஹீதாவுக்கு வாய்த்தது ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பெருந்தேவி மாமியின் வீடு. மாமியின் கணவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஒழுங்காகப் பார்க்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

நடந்தது இதுதான். புதன்கிழமை கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பிய வஹீதா, மறந்துபோன குடையை எடுக்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மாமி வாளித் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாராம். குடையை எடுக்காமலே வந்துவிட்டாள்.

"வாடி கொழந்தேன்னு வாய் நிறையக் கூப்பிட்டவங்க மேடம்," என்றாள்.

அற்புதம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தால் அவர் ஆராய்ச்சியில் இறங்கிவிடுகிற ரகம். ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டும் இருந்தது: நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை, நர்ஸ் போன பிறகு வீட்டில் செய்கிறார்களா?

இதுவரை கிடைத்த விடை அழகோ அழகு. பாலக்கரையில் நர்ஸ் படி இறங்கியதுமே தண்ணீர் காய்ச்சும் அடுப்பு அணைந்தது. அரியமங்கலத்தில் ஒரு சர்க்கரை நோயாளி, நர்ஸ் பஸ் ஏறியதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு ஜாங்கிரி சாப்பிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டியதோடு சரி.

அடுத்த புதன்கிழமை ஆசிரியையே கிளம்பினார். வரமாட்டேன் என்ற வஹீதாவிடம், மாமி செய்ததற்குப் புண் என்ன பண்ணும் என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனார். பஸ் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் மாமிக்குச் சொல்ல ஒரு பிரசங்கமே தயாராகிவிட்டது. இந்த வீட்டை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு, வேறு வீடு பார்ப்பது என்றும் முடிவு.

மாமி குடையை நீட்டி, சரியான மறதிக்காரி என்று வஹீதாவைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். இருவருக்கும் காபி கொடுத்தார். கட்டைப் பிரித்தால் புண் பாதிக்கு மேல் ஆறியிருந்தது. அற்புதம்மாள் அதைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் மனசு முழுக்க வாளி இருந்தது.

விடைபெற்றுத் தெருமுனை வரை போய், இருவரும் திரும்பினார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே துடைப்பச் சத்தம்.

பாலத்தில் தயாரித்த பிரசங்கம் மறந்துபோய், கோபம் மட்டும் வந்தது.

"இந்தப் பொண்ணு உக்காந்தா உங்க வீடு தீட்டாயிடுமாங்க? உங்க வீட்டுக்காரர் காலை அவ தொட்டுக் கழுவலாம், அவ உக்காந்த இடத்தை மட்டும் நீங்க கழுவணுமா?"

மாமி துடைப்பத்தோடு அப்படியே நின்றார். முகத்தில் கோபம் இல்லை. பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டோமோ என்கிற பயம்தான் இருந்தது.

"தப்பாப் பண்றேனா? ஒரு வாளிக்கு ரெண்டு மூடி விட்டாப் போறும்னு வஹீதாதானே சொன்னா?"

வாளிக்குப் பக்கத்தில் டெட்டால் பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

முதல் நாள் வஹீதா ஒப்பித்த பாடம் அது. புண்ணின் கட்டைப் பிரித்துக் கட்டிய இடத்தில் தரையை ஒவ்வொரு தடவையும் டெட்டால் தண்ணீரால் கழுவ வேண்டும். எத்தனையோ வீடுகளில் ஒப்பித்திருக்கிறாள், ஒரு வீட்டிலும் யாரும் செய்ததில்லை. அதனால் சொன்னவளுக்கே மறந்துவிட்டது. டெட்டாலிலேயே காலம் தள்ளுகிற இருவருக்கும் அந்த வாசனை மூக்கில் ஏறவும் இல்லை.

நர்ஸ் போன பிறகும் சொன்னதைச் செய்கிற ஒரு வீடு கடைசியில் கிடைத்துவிட்டது. ஆராய்ச்சிக்காரர் அந்த வீட்டில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வஹீதா மாமியின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, மீதி இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அற்புதம்மாளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மன்னிச்சிடுங்க என்றார். பிறகு அசட்டுச் சிரிப்போடு, "இதை நாங்க இருக்கும்போதே செஞ்சிருக்கலாமேம்மா," என்று சமாளித்தார்.

"உங்க எதிர்ல அலம்பினா தப்பா நெனச்சுப்பேளோன்னுதான், நீங்க போறவரைக்கும் காத்துண்டிருந்தேன்," என்றார் மாமி.