ஊசி இல்லாத காலை

இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிய ஆபரேஷனுக்குப் பிறகு தணிகாசலத்தின் உடல் பாதியாகிவிட்டது. சர்க்கரையும் இறங்கிவிட, இனி இன்சுலின் வேண்டாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை, வழக்கம்போல் பனியனைத் தூக்கிப் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார். மனைவி வேதவல்லி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஊசிதான் வேணாம்னுட்டாங்களே.”

“ஆமால்ல,” என்றார். பனியனை இறக்கவில்லை.

சில வருடங்களாக அவள் கை அவர்மீது படுவது ஊசி போடும் அந்த ஒரு வேளைதான். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தொங்கிக் கிடந்த வயிற்றுத் தோலை எப்போதும்போல் இரண்டு விரல்களால் சேர்த்துப் பிடித்தாள்.

“மூச்சைப் பிடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டார்.

ஊசியை உருவியதும் ‘விடுங்க’ என்பாள். இன்று உருவுவதற்கு எதுவும் இல்லை.