பதினேழு ஆணி ஓட்டைகள்

"பதினாறு... பதினேழு. ஹால்ல மட்டும் பதினேழு ஆணி ஓட்டை, தம்பி!"

சொல்லிக்கொண்டே வீட்டுக்கார அம்மா நோட்டில் குறித்துக்கொண்டார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் சாமான் ஏற்றிய வேன் நிற்கிறது. நாலு மணிக்குள் அட்வான்ஸைக் கையில் கொடுத்தால்தான் புது வீட்டுச் சாவி. இல்லையென்றால் அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். இந்த அம்மா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் அங்கே கொடுக்க முடியும். சட்டைப் பையில் இருப்பது வேன் வாடகை மட்டும். மணி மூணே கால்.

இந்த அம்மாவிடம் முழுசாக வாங்கிவிட முடியுமா? முப்பது வருஷம் துணி கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு மெக்கானிக் வைத்திருந்த பெயர், 'பூதக்கண்ணாடி'.

பூதக்கண்ணாடி இப்போது சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தது.

"என்ன தம்பி, சுவருக்குப் பல் தேய்ச்சு விட்டிருக்கீங்க?"

நேற்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு முழு டூத்பேஸ்ட்டைப் பிதுக்கி ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மெக்கானிக்கின் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து சமையலறை.

"இந்தக் குழாய் நான் போட்டது இல்லையே?"

"பழசு ஒழுகுச்சும்மா. நானே மாத்திட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அதையும் குறித்துக்கொண்டார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் போட்டு எடுத்தார். ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை மெக்கானிக் அன்றுதான் நேரில் பார்த்தார். வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார்.

மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நானும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் நிக்கிறேன். மனுஷன் குடியிருந்தா வீடு கொஞ்சம் தேயத்தான் செய்யும். அதுக்கெல்லாம் அட்வான்ஸ்ல பிடிக்கக் கூடாது. அக்ரிமென்ட்ல போட்டிருக்கிற தொகை பைசா குறையாம வரணும். அது எங்க உரிமை!"

"என்னங்க, மெதுவா..." என்று மனைவி அவர் கையை இழுத்தாள்.

"அவர் சொல்றது சரிதானேம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. "வாங்க, சின்ன ரூமையும் பார்த்துடலாம்."

அதையும் பார்த்து முடித்த பிறகு நோட்டை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மொத்தம் எவ்வளவு பிடிக்கப் போறீங்க?"

"பிடிக்கிறதா? எதுக்கு? குடியிருந்தா ஓட்டை விழத்தான் செய்யும். குழாய் உங்களுது, வேணும்னா கழட்டிட்டுப் போங்க. இது அடுத்து குடிவர்றவங்களுக்காக எழுதினது. வரும்போதே என்னென்ன இருந்துச்சுன்னு எழுதி வச்சுட்டா, நாளைக்கு நான் இல்லாதப்போ என் பையன் வந்து உங்க ஓட்டையை அவங்க தலையில கட்ட முடியாதுல்ல?"

மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். அம்மா மாடிக்குப் போய் ஒரு பழுப்பு நிறக் கவருடன் இறங்கி வந்தார்.

கவரைப் பார்த்ததும் மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

மேலே இருந்தது அவருடைய கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிவந்த அன்று, அவரே எழுதி, அவரே மூடி, நாலு பின் அடித்துக் கொடுத்த அதே கவர். நாலு பின்னும் லேசாகத் துருப்பிடித்து அப்படியே இருந்தன.

"பிரிக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"அட்வான்ஸ்னா என்கிட்ட கொடுத்து வைக்கிறதுதானே? வச்சிருந்தேன்."

மெக்கானிக்கின் மனைவி வாயைப் பிளந்தாள். "ஒரு ஆணி ஓட்டை விடாம எண்ணினீங்க. இதை எண்ணிப் பார்க்கலையா?"

"வீடு என்னுது, எண்ணினேன். பணம் உங்களுது. அதுல எனக்கு என்ன வேலை?"

ஏதோ உப்புப் பெறாத விஷயம் போலச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மெக்கானிக் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் இவ்வளவு சாதுவானவை என்று மூன்று வருஷமாக அவருக்குத் தெரியாது. இப்படியும் ஒரு மனுஷியா என்று மலைத்துப்போனார். தான் வைத்த பட்டப்பெயர் நினைவுக்கு வந்து கூசியது.

"நீங்க எண்ணிக்குங்க தம்பி. மூணு வருஷம் பீரோவுல கிடந்தது. எலி கிலி கடிச்சுக் குறைஞ்சிருந்தா சொல்லுங்க, அக்ரிமென்ட்ல உள்ளபடி போட்டுத் தர்றேன். அது உங்க உரிமை."

மனைவி கவரை வாங்கிப் பின்னைப் பிடுங்கப் போனாள். மெக்கானிக் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். இன்னொரு கை, வேன் வாடகை இருந்த சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. அதையும் புது வீட்டு அட்வான்ஸில் போட்டுவிட்டு, வேன்காரரிடம் நாளைக்குத் தருவதாகக் கெஞ்சிக்கொள்ளலாம்.

"எண்ண வேண்டாம்" என்றார் தலையைக் குனிந்தபடி. "ரெண்டு நோட்டு குறையும்மா. எலி கடிக்கல. அன்னைக்கு நான்தான் குறைச்சு வச்சுப் பின் அடிச்சேன்."