போதும் என்று சொல்லும்வரை

பல்கலைக்கழகத்தின் நுரையீரல் மரபணு ஆய்வில் ஓராண்டு ஒப்பந்த வேலை. மூச்சை அளக்கும் கருவியைத்தான் அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள். குழாயை வாயில் கவ்வி ஊத வேண்டும். அவள் போதும் என்று சொல்லும்வரை ஊதுபவர் நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பதிவு செல்லாது.

பரம்பரையாக இழுப்பு உள்ள குடும்பங்கள் தேவைப்பட்டன. அவள் வேறெங்கும் அலையவில்லை. அப்பாவைக் கூட்டிவந்து, ரத்தம் எடுத்துக்கொண்டு, குழாயைக் கொடுத்தாள்.

"இன்னும் ஊதுங்கப்பா. விட்டுடாதீங்க. இன்னும், இன்னும்."

சொன்ன பேச்சைத் தட்டாத மனிதர். நாற்காலியிலேயே சரிந்து இறந்தார். அந்தப் பதற்றத்தில் யாரும் போதும் என்று சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து திரும்பியவள் கருவியை இயக்கினாள். குழாயில் யாரும் வாய் வைக்கவில்லை. திரையில் கோடு ஓடியது. குழாயின் முனை வெதுவெதுப்பாக இருந்தது.

பழுது பார்ப்பவர் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். "மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. யாரோ ஊதுறாங்க."

ஆய்வை நடத்தும் பேராசிரியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு நீளமான பதிவு எந்த லேப்லயும் கிடையாது. இது ஓடுற வரைக்கும் உன் வேலையும் ஓடும்."

"அவருக்கு மூச்சு வாங்குது சார்."

"அதைத்தானேம்மா ஆராயுறோம்."

ஒப்பந்தம் முடியும் வாரத்தில் கோடு தளர்ந்து கீழே இறங்கியது. அவள் போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். நீட்டிப்பு ஆணையில் பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குழாயருகே குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம்பா. விட்டுடாதீங்க."

கோடு மெல்ல மேலே ஏறியது.