எல்லையிலிருந்து நேரலை

ஐயம்பேட்டை டீக்கடை டிவியில் திரை முழுக்கச் சிவப்பு. எல்லையில் குண்டுமழை பொழிவதாகச் செய்தியாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை, எல்லோரும் டிவி முன்னால் எழுந்து நிற்கிறார்கள். "உடாத, இன்னிக்கே அவனுங்க ஊர கொளுத்திடணும்," என்கிறான் கடைக்கார மனோஜ், ஆற்றுகிற டீ கையில் வழிவது தெரியாமல். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்கிறது. பட்டுத்தறியை விட்டு எழுந்து ஓடிவந்த கிரேஸுக்கும் உடம்பு சிலிர்க்கிறது, அவளும் தட்டுகிறாள். "உன் தம்பி அந்த எல்லையிலதானம்மா பட்டாளத்துல இருக்கான்? கெத்துமா," என்று மனோஜ் சொல்ல, எல்லோரும் அவள் பக்கம் திரும்புகிறார்கள். பெருமை தாங்காமல் அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போடுகிறாள். உடனே எடுக்கிறான். "இங்க ஒண்ணுமில்லக்கா, துணி தொவைச்சிக்கினு இருக்கேன்," என்கிறான். பிறகு அவன் குரல் பதறுகிறது. "அங்க என்னாக்கா ஒரே கூச்சலா இருக்குது? நம்ம ஊர்ல குண்டு கிண்டு போட்டுட்டானுங்களா?"